குதிரைக்குப் பதில் கடுக்காய்

1961-இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன கதைக்கு இந்த வாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் விடுதித் திண்ணையில். கரண்ட் இல்லை. உடன் வந்த நண்பர் செஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். வெள்ளையில் ஒரு குதிரையைக் காணோம். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கடுக்காயில் ஒன்றை எடுத்து வைத்தோம். அந்தக் கடுக்காய் என்னை 1848-ஆம் வருடத்துக் கல்கத்தாவுக்கு இழுத்துப் போய்விட்டது. ஆரோன் ரசிகர்கள் பொறுத்தருள்க.

ஜான் காக்ரேன், கல்கத்தாவில் வக்கீல் தொழில் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். 1840-களின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போனவர், அந்நாளைய ஆங்கிலேய செஸ் வீரர் ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கில் ஆடி, பெரும்பாலும் தோற்றார். எனக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும். ஸ்டான்டன் பைசா சிந்தாத கணக்குப்பிள்ளை; இவர் கையில் இருப்பதை அள்ளி விடுகிற ஆள்.

எதிரே மகேஷ்சந்திர பானர்ஜி. கல்கத்தா செஸ் கிளப் அன்பர் ஒருவர் வெளியூரில் கண்டெடுத்துக் கூட்டிவந்த பிராமணர். நம்மூர்ப் பழைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நடையிலும் ஒரே கட்டம்தான். அந்தப் பழக்கத்தில் கை ஊறியவர்.

காய்கள் நகர்ந்தன. இருவரும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, குதிரையை வெளியே கொண்டுவந்தார்கள். இந்தத் தொடக்கத்துக்குப் பெட்ராஃப் தற்காப்பு என்று பேர். வெள்ளைக் குதிரை கறுப்புச் சிப்பாயைத் தின்றது. பானர்ஜி ராணியின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதை விரட்டினார். நல்ல பிள்ளையாக எஃப்3-க்குத் திரும்பியிருக்க வேண்டிய குதிரை, காக்ரேன் கையில் எஃப்7-இல் போய் விழுந்தது. அங்கிருந்து ராணிக்கும் யானைக்கும் ஒருசேரக் குறி. ராஜாவே இறங்கிவந்து வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினால் கோட்டை கட்டும் உரிமை போச்சு, ராஜா நடுத்தெருவில்.

குதிரையின் விலை மூன்று சிப்பாய். காக்ரேனுக்குக் கிடைத்தது இரண்டு. கணக்கில் ஒரு சிப்பாய் நஷ்டம். கறுப்பு பதறாமல் ஆடினால் வெள்ளையின் பாடு திண்டாட்டம் என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொல்கிறது. இந்தக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர்தான். 1999-இல் லினாரஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் இதே குதிரையை இன்னொரு கிராண்ட்மாஸ்டர் கிராம்னிக்குக்குக் கொடுத்தார். அவராலும் டிராவுக்கு மேல் தேற்ற முடியவில்லை.

இப்படிக் காயைக் கொடுத்து ஆடுவதற்கு கேம்பிட் என்று பேர். இத்தாலியக்காரர்கள் காலை வாரிவிடுவதற்குச் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. நம்மூரில் இதற்குக் கடுக்காய் கொடுப்பது என்று பேர்.

என் ஆத்திரம் வேறு. ஆட்டத்துக்குப் பேர் காக்ரேன் கேம்பிட். பானர்ஜிக்கு? ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் உட்கார வைக்கும் அவருடைய பாணிக்கு ‘இந்தியன் டிஃபென்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு பேர். 1922-இல் குரூன்ஃபெல்ட் ஆடித் தன் பேரை ஒட்டிக்கொண்ட தற்காப்பை, 1855-லேயே காக்ரேனுக்கு எதிராக ஆடியவர் பானர்ஜி! இந்த மலையிறங்கினால் செங்கம். பக்கத்து எடத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கள்ளரைக் கடித்து எஜமானுக்குத் துணை நின்ற நாயின் பேர்கூட அதில் வெட்டியிருக்கிறது: கோவிவன். நாய்க்குக் கொடுத்த மரியாதைகூட பானர்ஜிக்கு இல்லை!

அந்த 1855 ஆட்டத்திலும் குதிரை எஃப்7-இல்தான் பாய்ந்தது. பானர்ஜி தன் குதிரையை ஓரத்துக்கு நகர்த்த, காக்ரேன் ராணியையே பலி கொடுத்தால் மூன்றே நடையில் மேட். ராஜா தன் யானைக்கும் பிஷப்புக்கும் சிப்பாய்க்கும் நடுவே மூச்சுமுட்ட, முடித்து வைப்பது மறுபடி ஒரு குதிரை.

நானும் இங்கே எஃப்7-இல் கடுக்காயை வைத்தேன். நண்பர் ராஜாவால் வெட்டினார். பிஷப்பை நீட்டி செக் வைத்தேன். ராணியின் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளி அடைத்துவிட்டு, கடுக்காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருபதாவது நடைக்குள் தோற்றேன். கரண்டும் வந்தது, ஆசிரியரின் போனும் வந்தது.

ஆரோன் அடுத்த வாரம். நிச்சயமாக.