கானாவும் வீட்டுக் கணினி இசையும்: வடசென்னையில் பகிர்வும் எதிர்வினையும்

ராயபுரம், காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர், கத்திவாக்கம் வரை நீளும் மீனவக் குப்பங்களிலும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் பாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கானா. சாவு வீட்டில் இரவு கண்விழிக்கும்போதும் பதினாறாம் நாள் காரியத்திலும் பாடப்பட்டு வளர்ந்த இசை அது. இறந்தவரின் பெயரையும் உறவுகளையும் பாடுபவர் அங்கேயே அடிகளில் கோத்துவிடுவார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கலங்கினால் அதே அடி மறுபடி வரும்; அசையாமல் இருந்தால் பாட்டு வேறு பக்கம் திரும்பும். கேட்பவரின் எதிர்வினை பாட்டு முடிந்த பிறகு வந்து சேரும் விமர்சனமாக இல்லை. பாட்டை ஆக்குவதிலேயே அதற்குப் பங்கு இருந்தது. கணினியில் வீட்டிலேயே இசை செய்து இணையத்தில் பகிரும் வழக்கம் வடசென்னையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை இந்தப் பங்கிலிருந்துதான் அளக்க முடியும்.

அந்தப் பங்கை முதலில் அறுத்தது கணினி அல்ல, ஒலிநாடா. 1980களில் கேசட் மலிவானபோது கானா அது பிறந்த தெருவைத் தாண்டிப் போனது; ஆனால் பாடியவருக்குக் கேட்டவரின் முகம் தெரியாமல் போயிற்று. 1990களில் தேவாவின் இசையில் திரைப்படத்துக்குள் நுழைந்த கானா, 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ வழியாகக் கானா உலகநாதனையும், 2012இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலாவையும் தமிழ்நாடு முழுக்க அறிமுகப்படுத்தியது. புகழ் வந்தது. ஆனால் எந்தப் பாட்டு வெளிவர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் தீர்மானித்தார்கள்.

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் வீட்டு இசை வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மிடி தரநிலை 1983இல் வந்தது. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அமிகா கணினிக்கு எழுதிய ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ தந்த திருப்பம் அதைவிடப் பெரியது. நான்கு தடங்களில் சுரங்களையும் குட்டிக் குட்டி ஒலித்துண்டுகளையும் அடுக்கி ஒரே கோப்பாகச் சேமிக்க அது வழி செய்தது. ‘மாட்’ எனப்பட்ட அந்தக் கோப்புகள் தொலைபேசிக் கம்பி வழியே ஊர் ஊராகப் பரவின. கோப்பைத் திறப்பவருக்குப் பாட்டு கேட்பதோடு, அது கட்டப்பட்ட விதமும் வரிவரியாகத் தெரியும். தாளம் எங்கே தடுமாறுகிறது, எந்த ஒலி யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பவர் கைவைத்துக் காட்டலாம். திருத்தித் திருப்பி அனுப்பவும் செய்யலாம். இணைய இசைப் பகிர்வின் வரலாற்றில் எதிர்வினை இவ்வளவு நுட்பமாக இருந்த காலம் மிகக் குறைவு.

சென்னைக்கு இந்த அலை வந்து சேரவில்லை என்றே சொல்லலாம். வீட்டிலேயே கணினி இசை என்பதற்கு இங்கே முதல் பெரிய எடுத்துக்காட்டு, 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் ஏ. ஆர். ரகுமான் கட்டிய பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது அதன் விளைவு ஊருக்கே கேட்டது. ஆனால் அத்தகைய கருவிகளின் விலை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து ஒற்றை அறை வீட்டுக்கு எட்டாதது. பகிர்வதற்கும் வழியில்லை. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். நான்கு நிமிடப் பாட்டைச் சுமார் 4 எம்.பி. அளவுள்ள எம்பி3 ஆகச் சுருக்கினாலும், இறக்க 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று மென்பொருள். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1997 இறுதியில் வெளியிட்ட ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’, 2003இல் ‘எஃப்.எல். ஸ்டுடியோ’ ஆனது. தனி ஒலி அட்டையோ மிக்ஸரோ இல்லாத சாதாரணக் கணினியிலும் அது ஓடியது. சுரம் எழுதத் தெரியாதவரும் கட்டங்களைச் சொடுக்கித் தாளம் அமைக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அந்தக் கட்ட வரிசை 16 படிகள் கொண்டது, அதாவது ஓர் அடிக்கு நான்கு. குத்துப் பாட்டிலும் கானாவிலும் பெரிதும் வருவதோ ஓர் அடியை மூன்றாக உடைக்கும் திஸ்ர நடை. மென்பொருளின் அமைப்பை மாற்றாமல் அடித்தால் டேப் என்னும் தோற்கருவியும் டோலக்கும் நடனக்கூடத்துத் தாளம்போல் விறைத்துப்போகும். அதை மாற்றி, கையால் அடிப்பதில் வரும் சிறு முன்பின் நகர்வையும் சேர்க்கத் தெரிந்திருப்பதே இந்த இசையில் நல்ல புரோகிராமருக்கு அடையாளம்.

மற்றொன்று கைபேசி. முதலில் பாட்டைப் பரப்பியவை, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த கைபேசிக் கடைகளும் புளூடூத்தும்தான். யூடியூப் 2005இலேயே தொடங்கியிருந்தாலும், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவு மலிவான பிறகே கானா அதைத் தன் மேடையாக்கிக்கொண்டது. கானாவுக்கென்றே சேனல்கள் பெருகின. திரைப்பட வாய்ப்புக்குக் காத்திராமல் பாடகர்களால் நேரே கேட்பவரிடம் போக முடிந்தது.

எதிர்வினையும் திரும்பி வந்தது, வேறு உருவில். 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சவுண்ட்கிளவுட், பாட்டின் அலைவடிவத்தில் குறிப்பிட்ட நொடியிலேயே கருத்தைப் பதிக்க இடம் தந்தது. இசை செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு பெரிய தளங்களில் வரவில்லை. ஆனால் கானா குடியேறியது யூடியூபில். அங்கே குவிபவை பெரும்பாலும் வாழ்த்தும் வசையும். பல நேரம் வசை பாட்டைப் பற்றியதாக இல்லாமல், பாடியவரின் ஊரையும் சாதியையும் பேச்சுமொழியையும் பற்றியதாக இருப்பது இந்த வரலாற்றின் வேதனையான பகுதி. பதில் சொல்வது மனிதர்கள் மட்டுமல்ல, எந்திரமும்தான். 2007இல் யூடியூப் அறிமுகப்படுத்திய ‘கன்டென்ட் ஐடி’ பதிவேறும் ஒலியை உரிமையாளர்களின் பதிவுகளோடு ஒப்பிடுகிறது. பழைய சினிமா மெட்டில் புதுச் சொற்களை ஏற்றிப் பாடுவது கானாவின் இயல்பான முறை. சாவு வீட்டில் எவரும் கேள்வி கேட்காத அந்த முறைக்கு இங்கே உரிமைக் கோரல் வரக்கூடும். வருவாய் மெட்டுக்கு உரிமை உள்ள நிறுவனத்துக்குப் போகலாம். சொந்த மெட்டும் சொந்த பீட்டும் வேண்டும் என்ற தேவை கூடியதற்கு இது ஒரு காரணம்.

இணையம் வடசென்னைக்குப் பாட்டோடு வேறு கவனத்தையும் கொண்டுவந்தது. கத்திவாக்கத்தின் குப்பங்களுக்கு வாழ்வு தரும் எண்ணூர்க் கழிமுகம், 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ காணொளியால் உலகெங்கும் பார்க்கப்பட்டது. சுயாதீனப் பாடலாசிரியர் கபேர் வாசுகியின் சென்னைத் தமிழ்ச் சொற்களை கர்னாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடினார். இது வீட்டு இசை அன்று. எனினும் திரைப்படத்தையும் இசை நிறுவனத்தையும் சாராமல், இணையத்தில் மட்டும் வெளிவந்து, கழிமுகத்தின் நிலையைப் பொதுப் பேச்சாக்கியதால் அது இங்கே இடம்பெறுகிறது. மறு ஆண்டு ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்த அக்குழுவில் பாடிய ராயபுரத்து இசைவாணி, ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் நிலைபெற்று, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

2020 ஜூனில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தபோது குறும்பாட்டுகளுக்கான பெரிய மேடை ஒரே நாளில் மறைந்தது. 2021 நவம்பரில் ‘பிடிக்கவில்லை’ எண்ணிக்கையை யூடியூப் பார்வையாளரிடமிருந்து மறைத்தது. தளத்தின் விதி மாறும்போதெல்லாம் எதிர்வினையின் வடிவமும் மாறுகிறது, பாடுபவரைக் கேட்காமலே. மாறாக, சிங்கப்பூரில் தோன்றிய ‘பேண்ட்லேப்’ செயலி கைபேசியிலேயே தடம்தடமாக இசை அமைக்கவும், படைத்தவர் அனுமதித்தால் மற்றொருவர் அதே பாட்டைத் திறந்து தன் பிரதியாக மாற்றவும் இடம் தருகிறது. மாட் கோப்பில் இருந்த அந்தத் திறந்த தன்மை இப்போது இலவசமாக, கணினி இல்லாதவருக்கும் கிடைக்கிறது. டேப் தடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தன் கையடியைச் சேர்த்துத் திருப்பி அனுப்ப எண்ணூர்க் குப்பத்து இளைஞருக்கு ஒரு கைபேசியும் ஒரு ஹெட்செட்டும் போதும்.