வட்டத்தொட்டி முதல் விழாமேடை வரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராஜாஜி, கம்பன் கவியைக் கேட்டு மகிழ நாடிய இடங்களுள் ஒன்று, குற்றாலத்தில் இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் இல்லம். அக்குற்றால அவைக்கும் மூத்தது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இரசிகமணியின் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி. கவிதைச் சுவைஞர் கூடி அமைத்த வட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அம்முற்றத்தைக் கடந்து செல்ல இயலாது.

அங்கே மேடை இல்லை. வரவேற்புரையும் நன்றியுரையும் இல்லை. டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி உரக்கப் படிப்பார். சொல்லின் ஒலியும் உணர்ச்சியின் ஏற்ற இறக்கமும் கேட்போர் நெஞ்சில் படியும்வரை திரும்பவும் படிப்பார். கருத்துரை அதன் பின்னரே. புலமை மிக்கவரும் அன்று புதிதாய் வந்தவரும் ஒரே பாடலின்முன் அமர்ந்தமையால், எவரையும் வாயிலில் நிறுத்திச் சோதிக்கும் தேவை எழவில்லை. ஆயினும் தரம் காக்கும் வேட்கைக்கு மற்றொரு முகமும் உண்டு. தம் சுவைக்கு ஒவ்வாத கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று இரசிகமணி ஒதுக்கியதைப் புலவர் பலர் ஏற்கவில்லை. புதியவர்க்குத் திறந்திருந்த வாயிலில் கம்பனே தடுத்து நிறுத்தப்பட்டான் என்று சொல்லத் தோன்றுகிறது!

முற்றம் கொள்ளாத கூட்டத்துக்கு இடம் வகுத்தவர் சா.கணேசன். 1939இல் அவர் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்கு டி.கே.சி.யே தலைமை தாங்கினார். வணிகரும் மாணவரும் இல்லத்தரசியரும் திரண்டு கேட்கும் பெருவிழாவில், ஒரே பாடலைப் பலமுறை படித்துச் சுவைத்தல் இயலாது. அங்கே காலமே காவலாயிற்று. குறித்த நேரத்தில் தொடங்குதலும், பேசுவோர் எத்துணைப் பெரியவராயினும் எல்லைக்குள் முடித்தலும் அவ்விழாவின் மரபாயின.

அம்மேடை வளர்த்த பட்டிமண்டபம் பழந்தமிழ்ச் சொல். இந்திர விழாவை அறிவிக்கும் மணிமேகலையின் விழாவறை காதை, பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதில் ஏறுமாறு வாதிடுவோரைப் பணிக்கிறது. மாறுபட்டோரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறும் கூறுகிறது. குன்றக்குடி அடிகளார் நடுவராய் அமர்ந்த அரங்குகளில் அம்முறை பெரிதும் நின்றது. பின்னர்ப் பட்டிமன்றம் ஊர்தோறும் பரவியது. 1990களுக்குப் பின் தொலைக்காட்சியின் பண்டிகை நிகழ்ச்சியாயிற்று. கேட்போர் பல்லாயிரவராகப் பெருகினர். ஆனால் பாடல் சுருங்கி நகைச்சுவை நீண்டது. இதற்குப் புதியவர்மேல் பழி சுமத்துவது முறையன்று. அவர்கள் கைதட்டலுக்கு மட்டுமே அழைக்கப்பட்டார்கள், பாடலுக்கு அழைக்கப்படவில்லை.

ஓசூர் வட்டாரத்தில் இவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த 1970கள் தொடங்கி, கனரக வண்டி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரத் தொழிற்சாலைகளை நாடிப் பல மாவட்டத்தார் இங்கே குடியேறினர். முன்பே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைநிலம் இது. பணிமுறை மாறுந்தோறும் அவைக்கு வருவோரும் மாறுவர். சென்ற கூட்டத்தில் பேசியதை இக்கூட்டத்தார் கேட்டிருக்க மாட்டார்கள். பழைய உறுப்பினர் இதை ஒரு குறையாகவே எண்ணுதல் இயல்பு.

ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஒருவர், 1967ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற குவெம்புவின் ஸ்ரீ ராமாயண தர்சனத்தைப் படித்திருக்கக்கூடும். அக்காவியத்தில் சீதையோடு இராமனும் தீயில் புகுகிறான். அதை அறிந்தவர், கம்பனின் இராமன் ஏன் தீக்கு வெளியே நின்றான் என்று இயல்பாகக் கேட்டுவிடுவார். விடை காண, மூத்த உறுப்பினரும் மீட்சிப் படலத்தை மீண்டும் உரக்கப் படித்தாக வேண்டும்.