கல்லூரி இருந்தது, ஆசிரியர் இல்லை: இந்திய அருங்காட்சியகங்களில் ஒரு பணியின் வரலாறு

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மக்கள் இட்ட பழைய பெயர் ‘செத்த காலேஜ்’. உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்ததால் ‘செத்த’ என்ற அடை எளிதில் விளங்கிவிடுகிறது. ஆராயவேண்டிய சொல் ‘காலேஜ்’. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். அந்த இடப்பெயரே ஒட்டிக்கொண்டது என்று விளக்க இடமுண்டு. ஆயினும் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிக்கும் அதே சொல் சென்று சேர்ந்திருக்கிறது. அதாவது, மக்கள் வழக்கில் அது ஓர் இடத்தின் பெயராக நில்லாமல் பொதுப்பெயராகிவிட்டது. கண்ணால் கண்டு எதையோ கற்கும் இடம், அவர்களுக்குக் காலேஜ்.

பிற மொழிகளிலும் இத்தகைய பெயர்கள் உண்டு. 1814இல் ஆசியக் கழகத்தின் அரவணைப்பில் தோன்றிய கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் வங்காளிகளுக்கு ‘ஜாதுகர்’, மாய வீடு. வடக்கே இந்தி, உருது, பஞ்சாபி பேசுவோர்க்கு ‘அஜாயிப் கர்’, வியப்புகளின் வீடு. இவற்றுள் வங்காளச் சொல் பெற்ற ஏற்றம் தனி. டாக்காவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வமான வங்காளப் பெயரிலேயே இன்று ‘ஜாதுகர்’ இருக்கிறது. இந்தியில் ஆட்சிமொழி தேர்ந்தது ‘சங்க்ரஹாலய’ என்பதை. அதன் பொருள் தொகுப்பு இல்லம். தமிழில் நிலைபெற்ற ‘அருங்காட்சியகம்’ தொகுப்பைப் பேசாமல் காட்சியைப் பேசுகிறது. ஒரு பெயர் பொருள்களைச் சேர்த்தவரின் பக்கம் நிற்கிறது. மற்றொன்று பார்க்க வந்தவரின் பக்கம். இந்திய அருங்காட்சியக வரலாறு பெரும்பாலும் முதலாமவரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பார்க்க வந்தவருக்கும் பொருளுக்கும் இடையில் நின்று பேசவேண்டியவரின் வரலாறு எழுதப்படவில்லை. அப்படி ஒருவர் நெடுங்காலம் இருக்கவேயில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இருந்த பிறகும் அவர் செய்ததை எவரும் பதிந்துவைக்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

காலனியக் கால அருங்காட்சியகங்களுக்குக் கூட்டத்தில் குறைவில்லை. சென்னையில் காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகத் திரண்டனர். பண்டிகை நாள்களில் கல்கத்தாவிலும் அவ்வாறே. ஆனால் இந்தக் கூட்டத்தை அதிகாரிகள் பலர் ஒரு சிக்கலாகவே கருதினர்: எழுத்தறியாதவர்கள், வேடிக்கை பார்க்க வருபவர்கள், வகைப்பாட்டின் ஒழுங்கு புரியாமல் வாய்பிளந்து நிற்பவர்கள். வியப்பு அறிவின் தொடக்கமாகக் கொள்ளப்படவில்லை. அறியாமையின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. காட்சிக்கூடத்தில் பார்வையாளரோடு பேசும் ஒரே பணியாளர் காவலாளிதான். அவர் பேச்சு ‘தொடாதே’, ‘நகரு’ என்னும் இரு ஏவல் வினைகளுக்குள் அடங்கியது. சலோனி மாத்தூரும் கவிதா சிங்கும் தொகுத்து 2015இல் வெளிவந்த தெற்காசிய அருங்காட்சியகங்கள் பற்றிய நூலின் தலைப்பே ‘தொடாதே, துப்பாதே, வணங்காதே’ என்று பொருள்படுவது. பார்வையாளரோடு நிறுவனம் பேசிவந்த மொழியின் சுருக்கமாக அதைக் கொள்ளலாம்.

அதே காலத்தில் பிற நாடுகளில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1899இல் புரூக்ளினில் குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1907ஐ ஒட்டிய ஆண்டுகளில், காட்சிக்கூடத்தில் பார்வையாளருடன் நின்று விளக்குபவருக்கு ‘டோசென்ட்’ என்று பெயரிட்டார். கற்பித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்து, ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பதவிப்பெயராக வழங்கிவந்த சொல் அது. வழிகாட்டியின் வேலைக்குக் கற்பிப்பவரின் பெயரை அவர் வேண்டுமென்றே தேர்ந்தார். இந்தியாவில் பெயரும் இல்லை, பதவியும் இல்லை. 1936இல் மார்க்கமும் ஹார்கிரீவ்ஸும் இந்திய அருங்காட்சியகங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை சுமார் 100 நிறுவனங்களைக் கணக்கெடுத்தது. பணமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத நிலையை அது நாடு முழுவதற்குமாக எடுத்துக்காட்டியது. பொருளைக் காக்கவே போதிய ஆள் இல்லாத இடத்தில், பொருளைப் பற்றிக் குழந்தையோடு பேச ஆள் வேண்டும் என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஆடம்பரமாயிற்று.

விடுதலைக்குப் பின் அருங்காட்சியகம் தேசத்தின் பாடநூலாகக் கருதப்பட்டது. 1949 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையாகப் பின்னர் ஆன கட்டடத்தில் தேசிய அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1955இல் தனிக் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1960 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. அதன் இயக்குநராக அமர்ந்தவர் கிரேஸ் மார்லி. சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தின் நிறுவன இயக்குநராக இருந்தவர்; யுனெஸ்கோவின் அருங்காட்சியகப் பணிகளைத் தொடக்க ஆண்டுகளில் முன்னெடுத்தவர். பொருள்களைக் குவித்து வைப்பதை விட்டு, ஒளியும் இடைவெளியும் தந்து பார்வையாளருக்காகக் காட்சியமைக்கும் முறையை இங்கு வேரூன்றச் செய்ததில் அவருக்குப் பங்குண்டு. ‘மாதாஜி மார்லி’ என்று அழைக்கப்பட்ட அவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டு 1985இல் தில்லியில் மறைந்தார். பரோடா பல்கலைக்கழகத்தில் 1952இலேயே அருங்காட்சியகவியல் துறை தொடங்கப்பட்டிருந்தது. பயிற்சி பெற்றவர்கள் வரத் தொடங்கினர். ‘கைடு லெக்சரர்’ என்ற பதவிப்பெயர் பல அரசு அருங்காட்சியகங்களில் இடம்பெற்றது.

அந்தக் கூட்டுப்பெயரே பணியின் தன்மையை உணர்த்திவிடுகிறது. ‘கைடு’ முன்னே நடக்கிறார். ‘லெக்சரர்’ உரை நிகழ்த்துகிறார். இரண்டிலும் கேட்பவருக்கு வாய் இல்லை. பள்ளிப் பேருந்து வந்து நிற்கும். பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள். ஒருவர் பின் ஒருவராக ஹரப்பாவிலிருந்து முகலாயர்வரை ஒரு மணி நேரத்தில் கடப்பார்கள். வகுப்பறைக்குச் சுவர் மாறியதே தவிர முறை மாறவில்லை. விடுமுறை நாளில் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று வரும் குடும்பத்துக்கு அந்த உரையும் கிடையாது. இந்திய அருங்காட்சியகத்தின் மிகப் பழைய பார்வையாளர் அலகு குடும்பம். கல்வித் திட்டங்களில் அது மிகப் பிந்தியே கண்ணில் பட்டது.

குழந்தைகளுக்கென்று எதுவும் செய்யப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. தில்லியில் 1956இல் பால பவன் தோன்றியது. கேலிச்சித்திரக்காரர் சங்கரின் பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் 1965இல் திறக்கப்பட்டது. அதே 1965இல் கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் தன் காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுழற்றி, கையால் அறியும் உரிமை அறிவியல் அருங்காட்சியகத்தில் குழந்தைக்குக் கிடைத்தது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பொம்மையும் அறிவியலும் குழந்தைக்கு, சிற்பமும் ஓவியமும் பெரியவர்க்கு என்றொரு பிரிவினை அறிவிக்கப்படாமலே நிலைபெற்றது. கலை அருங்காட்சியகத்தில் குழந்தை, பெரியவரின் கைப்பிடித்து அமைதியாக வந்துபோக வேண்டிய சிறிய பெரியவராகவே நீடித்தது.

கலை அருங்காட்சியகக் கல்வியாளரின் தேவை எங்கே எழுகிறது என்பதை விளக்க அட்டையின் மொழியைக் கொண்டே காட்டலாம். ‘மகிஷாசுரமர்த்தினி. கருங்கல். பல்லவர். 8ஆம் நூற்றாண்டு.’ பெரும்பாலான அட்டைகள் இந்த வாய்பாட்டில் அமைந்தவை. இதில் வினைச்சொல் இல்லை. எவரும் எதையும் செய்யவில்லை; செதுக்கவில்லை, வழிபடவில்லை, பெயர்த்தெடுக்கவில்லை, கொண்டுவரவில்லை. சிற்பத்திலோ எல்லாம் வினை: அம்பு பறக்கிறது, சிங்கம் பாய்கிறது, எருமைத்தலையன் பின்வாங்குகிறான். அதன்முன் பேரப்பிள்ளையோடு நிற்கும் பாட்டிக்குக் கதை தெரியும். வினைச்சொற்கள் எல்லாம் அவர் வாயில் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலமும் ஆண்டுக் கணக்கும் நிறைந்த அட்டையைக் கண்டதும், தன் கதை இங்கு செல்லாது என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அட்டை அறிந்ததைப் பாட்டி அறியார். பாட்டி அறிந்ததை அட்டை அறியாது. இருவருக்கும் இடையில் நிற்கத் தெரிந்தவரே கல்வியாளர். முதலில் பாட்டியைச் சொல்லவைத்து, அதன்பின் ‘அசுரன் ஏன் இங்கே இன்னும் சாகவில்லை? சிற்பி எந்தக் கணத்தைத் தேர்ந்தார்?’ என்று குழந்தையைக் கேட்பது அவர் வேலை. கதையறிவைப் பார்வையறிவாக மாற்றும் மொழிபெயர்ப்பு அது.

மற்றோர் எடுத்துக்காட்டு மொகஞ்சதாரோவின் நடனமங்கை. 1926இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல உருவம். பாடநூலில் ஒரு பக்கத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் அவள் உண்மையில் சுமார் 10.5 சென்டிமீட்டர் உயரமே உடையவள். ஒரு சிறுவனின் உள்ளங்கையில் நின்றுவிடுவாள். படம் மறைத்த அளவைப் பொருள் வெளிப்படுத்துகிறது. ‘உன் கையை நீட்டிப் பார்’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் அதுவே பாடம். அடுத்து வரவேண்டிய கேள்வி: ‘இவள் நடனமாடுகிறாள் என்று யார் சொன்னது?’ இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு பெண்ணை நடனமங்கை என்றழைத்தது, கண்டெடுத்த காலத்தவரின் ஊகம். பெயரும் ஒரு விளக்கமே என்பதைப் பத்து வயதுக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியும். தொல்லியலின் அடிப்படை ஐயத்தை அது அங்கேயே, பொருளின் முன்னிலையில் கற்றுக்கொள்கிறது.

அண்மைக்கால மாற்றங்கள் மெய்யானவை. பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் 1974ஆம் ஆண்டு வரையறை ‘ஆய்வு, கல்வி, மகிழ்ச்சி’ என்று நோக்கங்களை வரிசைப்படுத்தியது. 2007இல் கல்வி முதலிடத்துக்கு வந்தது. 2022இல் பிராகாவில் ஏற்கப்பட்ட வரையறையிலும் அது முதலிலேயே நிற்கிறது. தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் பார்வையற்றோர் தொட்டறியும் ‘அனுபவ்’ காட்சிக்கூடத்தைத் திறந்தது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் அதே ஆண்டு பேருந்து வழிக் காட்சியைத் தொடங்கியது. 2019இல் குழந்தைகளுக்கெனத் தனி அருங்காட்சியகம் திறந்து, காட்சி அமைக்கும் பணியில் குழந்தைகளையே ஈடுபடுத்தியது. ‘தொடாதே’ என்ற ஏவல் ‘தொட்டுப் பார்’ என்று மாறியது.

ஆனால் இந்த மாற்றத்தைச் சுமப்பவரின் நிலை அதே வேகத்தில் மாறவில்லை. கல்வியாளர் என்ற பணி பல இடங்களில் ஒப்பந்தத்திலும் கொடையாளர் நிதியிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடக்கிறது. காப்பாட்சியர் பொருளின் அறிஞர். கல்வியாளர் நிகழ்ச்சி நடத்துபவர் என்ற படிநிலை கலையவில்லை. பொறுமை, கனிவு, குழந்தைகளோடு பழகும் திறம் ஆகியவை இயல்பு என்று கருதப்பட்டு, திறனாகக் கணக்கிடப்படுவதில்லை. இப்பணியில் பெண்கள் மிகுதி என்பதும் அதன் மதிப்புக் குறைவும் தொடர்பற்றவை அல்ல.

இதன் இழப்பை அருங்காட்சியகத்தின் ஆவணங்களிலேயே காணலாம். ஒரு செப்புக்காசு வந்து சேர்ந்தாலும் அதற்கு எண் உண்டு. எடை, அளவு, வந்த நாள், வந்த வழி எல்லாம் பதிவேட்டில் ஏறும். அதன்முன் நின்று ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு எண் இல்லை. பத்தாண்டு காட்சிக்கூடத்தில் நின்ற ஒருவர், எந்தச் சிற்பத்தின்முன் பிள்ளைகள் தாமாக நிற்கிறார்கள், எந்தச் சொல் அவர்களுக்குத் தடையாகிறது, எந்த மொழியில் கேட்டால் பேசுகிறார்கள் என்று அறிந்துவைத்திருக்கிறார். ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த அறிவு அவரோடு வெளியேறுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்தியப் பார்வையாளர் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்த்தார் என்று அறிய விழையும் ஆய்வாளர், இன்றும் காலனிய அதிகாரிகளின் சலிப்பையே சான்றாகக் கொள்ள நேர்வதும் இதனால்தான்.

நிரந்தரப் பணியிடம் என்ற கோரிக்கை ஊதியத்தைப் பற்றியது மட்டும் அன்று. அது ஓர் ஆவணக் காப்பைப் பற்றியதும் ஆகும். பொருள்களுக்கு இருப்பதுபோலக் கேள்விகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். அதை எழுதவும் படிக்கவும், அதைக் கொண்டு விளக்க அட்டையைத் திருத்தவும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். காணும் பொங்கலன்று திரண்ட மக்கள் அந்தக் கட்டடத்தைக் காலேஜ் என்று அழைத்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மாணவர் வருகைப் பதிவு நிறைந்தே இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் இன்னும் நிரப்பப்படவில்லை.