ஹீலியம் அணு அமைப்பு: கண்டறிந்த வரலாறு

ஹீலியம் அணுவின் கருவில் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் உள்ளன; கருவைச் சூழ்ந்து இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஹைட்ரஜனுக்கு அடுத்தபடியாக மிக எளிய அணு இதுவே. ஆயினும் அந்த இரண்டாவது எலக்ட்ரானைக் கணக்குக்குள் கொண்டுவர 1913 முதல் 1929 வரை 16 ஆண்டுகள் பிடித்தன. நீல்ஸ் போரின் அணுக் கொள்கை கைவிடப்பட்டு, குவாண்டம் இயக்கவியல் தோன்றியதற்கு ஹீலியமும் ஒரு முக்கியக் காரணம்.

சூரியனில் ஒரு மஞ்சள் கோடு

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஐரோப்பிய அறிவியலாளர்கள் பலர் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தனர். குண்டூர், மசூலிப்பட்டினம் ஆகிய ஊர்களில் அவர்கள் முகாமிட்டனர். சூரியனின் விளிம்பில் எழுந்த சுவாலைகளின் நிறமாலையில் மஞ்சள் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. அதைச் சோடியத்தின் கோடு என்றே பலரும் எண்ணினர். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாத வேளையிலேயே அதைப் பார்த்து, சோடியக் கோடுகளிலிருந்து அது சற்று விலகியிருப்பதைக் கண்டார். சூரியனைக் குறிக்கும் ‘ஹீலியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து புதிய தனிமத்துக்குப் பெயர் வந்தது. 1895இல் வில்லியம் ராம்சே, கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டுச் சூடாக்கியபோது வெளிவந்த வாயுவிலும் இதே கோடு தெரிந்தது.

புதிர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு ஜெர்மனியில் ருங்கே, பாஷன் ஆகிய இருவரும் ஹீலியத்தின் நிறமாலைக் கோடுகளை வரிசைப்படுத்தினர். அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு தனித் தொகுதிகளாகப் பிரிந்தன. எனவே ஹீலியம் என்பது இரண்டு வாயுக்களின் கலவை என்று அவர்கள் கருதினர். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் ஆர்த்தோஹீலியம், பாராஹீலியம் என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

போரின் வெற்றியும் தோல்வியும்

கதிரியக்கப் பொருள்களிலிருந்து வரும் ஆல்பா துகள் ஹீலியத்தின் கருவே என்பதை ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் செய்த சோதனை உறுதிப்படுத்தியது. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கரு மாதிரியை வெளியிட்டார். அதன்மேல் 1913இல் போர் தம் கொள்கையைக் கட்டினார்.

ஹீலியத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது பெரும் வெற்றி. சில விண்மீன்களில் காணப்பட்ட கோடுகளை ஹைட்ரஜனுடையவை என்று அதுவரை நம்பியிருந்தனர். அவை ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்துடையவை என்றார் போர். ஆல்ஃபிரட் ஃபௌலர் இதை ஏற்கவில்லை. போரின் கணக்குப்படி ஹீலிய மாறிலி ஹைட்ரஜனுடையதைப்போல் சரியாக 4 மடங்கு இருக்க வேண்டும். அளவீட்டில் கிடைத்ததோ 4.0016. போர் கணக்கைத் திருத்தினார். கரு அசையாமல் நிற்பதாகக் கொள்ளாமல், எலக்ட்ரானுடன் அதுவும் சிறிது அசைகிறது என்று கொண்டால் விகிதம் 4.00163 ஆகிறது! கொள்கையை ஐயுற்றவர்களையும் மாற்றிய எண் இது.

ஆனால் அங்கே இருந்தது ஒரே எலக்ட்ரான். முழு ஹீலிய அணுவுக்கு, ஒரே வட்டத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரு எலக்ட்ரான்களைப் போர் வரைந்தார். பள்ளிப் பாடநூல்களில் இன்றும் காணப்படும் வட்டமும் இரு புள்ளிகளும் ஏறக்குறைய இந்தப் படம்தான். இதன்படி ஓர் எலக்ட்ரானை வெளியேற்ற ஏறத்தாழ 29 எலக்ட்ரான் வோல்ட் தேவை. உண்மை அளவு 24.6. ஒன்றுக்கொன்று சாய்ந்த இரு சுற்றுப்பாதைகளை வைத்து 1923இல் கிராமர்ஸ் செய்த நீண்ட கணக்கு, எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட் தவறியது. அந்த அமைப்பு நிலையானதாகவும் இல்லை. பாதைகளை எப்படி மாற்றி வரைந்தாலும் பயனில்லை என்ற எண்ணம் வலுத்தது.

இரண்டு நிறமாலை, ஒரே அணு

1925இல் பௌலியின் தவிர்ப்புத் தத்துவமும் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்ற கருத்தும் வந்தன. அடுத்த ஆண்டு ஹைசன்பர்க் ருங்கே–பாஷன் புதிரை அவிழ்த்தார். இரு எலக்ட்ரான்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. அவற்றை இடம் மாற்றினாலும் அணு அப்படியே இருக்கும். தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் பாராஹீலியம், ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோஹீலியம். ஆர்த்தோ நிலையில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்குவதில்லை.  ஆர்த்தோ நிலையின் ஆற்றல் அதற்கு இணையான பாரா நிலையைவிடக் குறைவு. ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறுவது மிக அரிது. மிகத் தாழ்ந்த ஆர்த்தோ நிலைக்குச் சென்ற அணு, தனித்து விடப்பட்டால், அடி ஆற்றல் நிலைக்குத் திரும்பச் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1868இல் கண்ட மஞ்சள் கோடு ஆர்த்தோஹீலியத்துக்கு உரியது.

எண் பொருந்த வேண்டிய வேலை மட்டும் மிச்சமிருந்தது. அதை முடித்தவர் நார்வே நாட்டு ஹில்லராஸ். கருவிலிருந்து எலக்ட்ரான்களின் தொலைவோடு, இரு எலக்ட்ரான்களுக்கும் இடைப்பட்ட தொலைவையும் சமன்பாட்டில் நேரடியாகச் சேர்த்தார். மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை 1929இல் வெளிவந்தது. சோதனை அளவான 24.6 எலக்ட்ரான் வோல்ட்டோடு அது பொருந்தியது. கருவில் இருப்பவை எவை என்பது அப்போதும் தெளிவாகவில்லை. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பிறகே இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் என்ற இன்றைய படம் உருவாயிற்று.