தடுப்பதா, திருப்பி வாங்குவதா?

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில், கல்லாறு சோதனைச் சாவடியில் சுற்றுலா வண்டிகளை நிறுத்துகிறார்கள். பையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோ, கேரி பேக்கோ, பிளாஸ்டிக் தட்டோ இருந்தால் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதே மலைக்கு மேலே, குன்னூரிலோ கூடலூரிலோ உள்ள டாஸ்மாக் கடையில் மதுபாட்டிலுக்கு விலைக்கு மேல் 10 ரூபாய் கேட்கிறார்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைத்துவிடும். முதலாவது தடை, இரண்டாவது டெபாசிட். குப்பையைக் குறைக்க அரசுகள் உலகெங்கும் மாறி மாறிக் கையாளும் இந்த இரண்டு வழிகளையும் ஒரே மலையில் அருகருகே வைத்துப் பார்க்க நீலகிரியைவிட நல்ல இடம் நமக்கு இல்லை.

தடைக்கு வயது அதிகம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரி மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக ஓர் இயக்கமே நடத்தினார். மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பு 2018 ஜூன் 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் வந்தது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. கேரி பேக், டீ கப், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் ஷீட், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். எத்தனை மைக்ரான் தடிமன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதுதான் அந்த ஆணையின் பலம். ஒன்றிய அரசின் தடை அதற்கு மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 1-இல்தான் வந்தது.

அந்த 2019 ஜனவரி நன்றாக நினைவிருக்கிறது. இறைச்சிக் கடையில் தாமரை இலையும் தேக்கு இலையும் திரும்பி வந்தன. ஓட்டலில் சாம்பார் பார்சல் வாங்க ஆட்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். பூக்காரம்மா வாழை இலைத் துண்டில் பூவை மடித்து நாரால் கட்டிக் கொடுத்தார். தடை என்றால் இப்படித்தான் இருக்கும், இனி எல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு மெல்ல மெல்ல கவர்கள் திரும்பின. முதலில் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருந்து, கேட்டால் மட்டும். கொரோனா காலத்துக்குப் பிறகு கேட்காமலே. ஏன் திரும்பின என்பதைத் தெரிந்துகொள்ள காய்கறிக் கடை ஒன்றின் ஓரமாக மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் நின்றால் போதும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவர் வண்டியை அணைக்காமலே கேட்பார்: “அண்ணே, தக்காளி ஒரு கிலோ. கவர் இருக்குல்ல?” இல்லை என்றால், “அப்ப வேணாம்ணே” என்று அடுத்த கடைக்கு வண்டியை நகர்த்துவார். அடுத்த கடையில் கவர் இருக்கும். சட்டத்தை மதித்த கடைக்காரருக்கு அன்றைக்கு ஒரு கிலோ தக்காளி வியாபாரம் போச்சு. ஒரு மாதம் இப்படி நடந்தால் அவரும் கவர் வாங்கி வைப்பார், வேறென்ன செய்வார்?

தடையின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அது நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு நாளும் ஓர் அதிகாரியின் கண் இருக்க வேண்டும். மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளருக்கு அதைவிட்டால் வேறு வேலையே இல்லையா? அவர் மாதம் ஒருமுறை வருவார். வரும் செய்தி அவருக்கு முன்னாலேயே கடைத்தெருவுக்கு வந்துவிடும். தவறு செய்ய வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் காரணம் இருக்கிறது. தவறைத் தடுக்கக் காரணம் உள்ளவர் மூன்றாம் ஆளான அந்த அதிகாரி மட்டுமே.

டெபாசிட் திட்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குடித்துவிட்டுக் காட்டோரம் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற கவலை வன வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. அந்த நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2022 மே 15 முதல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறகு கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கும், கோவை, பெரம்பலூர் மாவட்டங்களுக்கும், அப்படியே ஒவ்வொரு மாவட்டமாகவும் அது விரிந்தது.

செய்முறை மிக எளிது. பாட்டிலில் கடையின் அடையாளத்தோடு ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் கிழியாமல் பாட்டில் திரும்பினால் 10 ரூபாய். வாங்கியவர்தான் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை கிடையாது. இந்த ஒரு வரியில்தான் திட்டத்தின் உயிரே இருக்கிறது. மசினகுடி சாலையோரம் ஒருவர் பாட்டிலை வீசிவிட்டுப் போனாலும் அங்கே கிடப்பது கண்ணாடி இல்லை, பத்து ரூபாய். தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து வருபவரோ குப்பை பொறுக்கிப் பிழைப்பவரோ எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். பத்து பாட்டில் சேர்ந்தால் நூறு ரூபாய், அரைநாள் அரிசிக்கும் காய்கறிக்கும் ஆகும். போட்டவர் திருந்த வேண்டிய அவசியம்கூட இல்லை; பாட்டில் கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. திட்டம் நடக்கும் மலைப்பகுதிகளில் விற்ற பாட்டில்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வந்தன.

இதிலும் ஒருவருக்குச் சுமை விழுகிறது. கடை ஊழியர்கள்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், நாற்றமடிக்கும் காலி பாட்டிலை வாங்கி அடுக்குகிறார்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். கூடுதல் ஆளும் இடமும் கேட்டு அவர்கள் போராடியது முழுக்க நியாயம். குப்பையைக் குறைக்கும் எந்தத் திட்டமும் கடைசியில் யாரோ ஒருவருடைய கையால்தான் நடக்கிறது. அந்தக் கைக்கு உரிய கூலி கொடுக்காத திட்டம் நெடுநாள் ஓடாது.

அப்படியானால் டெபாசிட்டே போதுமே, தடை எதற்கு என்று கேட்டுவிட முடியாது. டாஸ்மாக்கில் இது நடந்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மாநிலம் முழுக்க மதுவை விற்பது ஒரே நிறுவனம். விற்றவரும் அவரே, திரும்ப வாங்குபவரும் அவரே, கணக்கு வைப்பவரும் அவரே. கேரி பேக்குக்கு அப்படி ஒரே முகவரி கிடையாது. கையில் எடுத்தால் எடையே தெரியாத அந்தப் பையைக் காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். ஷாம்பு சாஷே அதைவிட மோசம்: பல அடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாதவை, உருக்கினாலும் உருப்படியாக எதுவும் ஆகாதவை. இரண்டு ரூபாய் சாஷேக்குப் பத்து ரூபாய் டெபாசிட் கேட்க முடியுமா? இப்படித் திரும்பி வரவே வழியில்லாத பொருளைச் செய்யவிடாமலே தடுப்பதுதான் ஒரே மருந்து. தடைக்கு நேரடி வேலை இருப்பது இங்கேதான், அதுவும் கடை வாசலில் இல்லை, செய்யும் ஆலையிலும் ஏற்றிவரும் லாரியிலும். அங்கே தடுக்காததன் விலையை யானைகள் கொடுக்கின்றன. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் கருவும் இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது. நம் வீட்டு மிச்சச் சாப்பாட்டைக் கட்டிப் போடும் கவர்களும் யானை வயிற்றுக்கு இப்படித்தான் போகின்றன. உப்பும் எண்ணெயும் மணக்க மணக்கக் கட்டிப் போடும் அந்தக் கவரை யானை பிரித்துச் சாப்பிடாது, கவரோடுதான் விழுங்கும்.

கடை வாசல் தடை வழுக்குவதையும் டெபாசிட் நிலைப்பதையும் வெளிநாட்டு அனுபவமும் சொல்கிறது. பாலித்தீன் பையை முதன்முதலில் தடைசெய்த நாடு வங்கதேசம். டாக்காவின் வடிகால்களை அடைத்து வெள்ளத்தைப் பெரிதாக்கியதால் 2002-இல் தடை வந்தது. இன்றும் டாக்கா கடைத்தெருக்களில் அந்தப் பை புழங்குகிறது. ஜெர்மனி 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் கட்டாய டெபாசிட் வைத்தது. 25 சென்ட். அங்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் காலி பாட்டில் போடும் இயந்திரத்தின் முன்னால் வரிசை நிற்கிறது.

ஆனால் ஜெர்மனிவரை போக வேண்டிய தேவையே நமக்கு இல்லை. நம் வீட்டில் பாருங்கள். கேஸ் சிலிண்டர் வெறும் டெபாசிட் கணக்குதான். தெருவில் கிடக்கும் காலி சிலிண்டரை யாராவது பார்த்திருக்கிறோமா? ஒரு காலத்தில் கோலி சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைக் கையோடு எடுத்துப்போக எந்தக் கடைக்காரரும் விட்டதில்லை. வீட்டுக்கு வேண்டுமென்றால் காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புதிது. எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போகும்போது தூக்குப்போசியை எடுத்துப்போன பாட்டிகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான சான்று சமையலறை மூலையில் நிற்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன். அதுவும் பிளாஸ்டிக்தான். ஒரு லிட்டர் பாட்டிலில் வருவதும் சுத்திகரித்த அதே தண்ணீர்தான். ஆனால் ஒரு லிட்டர் பாட்டில் ரயில் தண்டவாளத்திலும் கண்மாயிலும் மழைநீர் வடிகாலிலும் கிடக்கிறது. கேன் அங்கெல்லாம் கிடப்பதில்லை. முதல் கேனுக்கு நூறோ இருநூறோ முன்பணம் வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு கேன்காரத் தம்பி மாடிப்படி ஏறி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “அக்கா, காலி கேன் இருக்கா?” காலி இல்லை என்றால் முழுசும் இல்லை. எந்த ஆணையும் இல்லாமல், எந்த ஆய்வாளரும் வராமல், தமிழ்நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் இது நடக்கிறது. நாம் பொறுப்பானவர்களாக மாறியதால் கேன் திரும்பிப் போகவில்லை. திரும்பிப் போகாவிட்டால் நமக்கு நஷ்டம் என்பதால் போகிறது. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடைதோறும் பேசுபவர்கள் இந்தக் கேனைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் பைக்கு மாற்றாகத் துணிப்பையைப் பரப்பும் தமிழ்நாடு அரசின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பர் 23-இல் தொடங்கியது. அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களைச் சந்தைகளில் வைத்தார்கள், நல்ல வேலை. ஆனால் பையைக் கொடுத்ததோடு அது நின்றுவிடுகிறது; அந்த மஞ்சப்பை மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வண்டியில் இருக்கிறதா என்பது மறுபடியும் நம் நினைவாற்றலை நம்பித்தான். துணிப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும் என்று மட்டும் ஓர் ஏற்பாடு செய்தால், பை மறந்து வந்தவரும் கவர் கேட்க மாட்டார். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அடுத்த நாள் கொடுத்துவிடுவார்.

என் முடிவு இதுதான். திரும்பி வரக்கூடிய எதற்கும் டெபாசிட், திரும்பி வரவே முடியாததற்கு ஆலையிலேயே தடை. இரண்டையும் குழப்பியதால்தான் நீலகிரிச் சாவடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறோம், கீழே சமவெளியில் அதே பாட்டிலை விற்றுக் குவிக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பகுதியில் 28 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2025-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மலைக்கு அது வேண்டியதுதான். ஆனால் மலையில் வந்து விழும் பாட்டில் மலையில் செய்தது அல்ல. மது பாட்டிலுக்கு வைத்த அந்தப் பத்து ரூபாயை மாநிலம் முழுவதும் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் வைக்க வேண்டும்; திரும்ப வாங்கும் பொறுப்பையும் செலவையும் அதை நிரப்பி விற்கும் நிறுவனங்களே ஏற்க வேண்டும், கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

ஊராட்சியில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, தண்ணீர் பாட்டிலுக்கு டெபாசிட் வேண்டும் என்று அரசைக் கேட்கும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் மாவு, தயிர், எண்ணெய் வாங்கும் கடையில் நாளைக்கே கேளுங்கள்: “காலி டப்பா கொண்டு வந்தா எவ்வளவு குறைப்பீங்க?” நாலு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் கடைக்காரரே ஒரு விலை சொல்லிவிடுவார்.