அறியும் வரையுள்ள நாள்கள்

அவசரக் கருத்தடை மாத்திரையை உட்கொண்ட பெண்ணுக்கு அதனைத் தொடர்ந்து வரும் நாள்களே பெருங்கலக்கம் தருவன. இரு ஹார்மோன்கள் கலந்த மாத்திரை முறையைக் கனடிய மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். உறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் ஒரு முறையும், அதற்கு 12 மணி நேரம் கழித்து மறுமுறையும் உட்கொள்ளுதல் அன்றைய விதி. பிற்காலத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஒரே மருந்து பல நாடுகளில் அவ்விடத்தைப் பெற்றது. இம்மருந்து கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தியே பெரும்பாலும் பயன் தருகின்றது. முட்டை முன்னரே வெளிப்பட்டிருப்பின் அதனால் ஆவது சிறிதே. போதாக்குறைக்கு, மாதவிலக்கை முந்தவோ பிந்தவோ செய்யவும் கூடும். நாள் தள்ளிப் போதல் என்ற பழைய அடையாளமும் இவ்வாறு ஐயத்துக்குரியதாகி விடுவதால், அவளுக்கு எஞ்சுவது சோதனை ஒன்றே. அச்சோதனை அவள் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு நெடியது.

பண்டை எகிப்தியர் கோதுமையையும் வாற்கோதுமையையும் பெண்ணின் சிறுநீரால் நனைத்து, முளை விடுகின்றதா எனப் பார்த்தனர். நம்பத்தக்க விடையோ 1927இல்தான் கிட்டியது. பெர்லின் நகரில் செல்மார் ஆஷைம், பெர்ன்ஹார்டு சோண்டெக் என்னும் இருவர், கருவுற்ற பெண்ணின் சிறுநீரை இளம் பெண் சுண்டெலிகளுக்கு ஊசி வழியே செலுத்தினர். சில நாள் சென்றபின் அவற்றைக் கொன்று சூலகத்தை ஆராய்ந்தனர். அது முதிர்ந்திருப்பின் கரு உண்டு என்பது முடிபு. ஒருத்தியின் ஐயம் தீரச் சில உயிர்கள் மடிய வேண்டியிருந்தது! அவ்விருவரும் யூதர். உலகப் பெண்டிரின் கலக்கம் தீர்க்க வழி கண்டவர்கள் நாஜி ஆட்சியில் தம் நாட்டை விட்டே நீங்க நேர்ந்தது.

பின்னர் முயலும் தென்னாப்பிரிக்கத் தேரையும் எலியின் இடத்தைப் பெற்றன. 1960இல் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் விலங்கே வேண்டாத முறையைக் கண்டனர். ஆயினும் விடை முதலில் சென்றது மருத்துவரிடமே, பெண் காத்திருந்தாள்.

இந்நிலையை மாற்ற எண்ணியவர் மருத்துவரல்லர் என்பது வியப்பு. 1967இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத்தில் ஒப்பனைப் பொருள்களின் சிமிழ்களை வடிவமைத்து வந்த மார்கரெட் கிரேன், ஆய்வுக்கூடத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைக் கண்டார். இதனைப் பெண்ணே வீட்டில் செய்தால் என்ன என எண்ணினார். மேசை மேலிருந்த, தாள் இடுக்கிகள் வைக்கும் ஞெகிழிப் பெட்டியே அவர் கருவிக்கு முன்மாதிரியாயிற்று. நிறுவனத்தார் முதலில் அதனை விரும்பவில்லை. உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார் கிரேன். அந்த ஒரு டாலரும் அவர் கைக்கு வரவில்லை. 1971இல் கனடாவில் அக்கருவி விற்பனைக்கு வந்தது. விடை பெற இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இன்று அது சில நிமிட வேலை. ஆயினும், சோதனை தேடும் ஹார்மோன், கரு கருப்பையில் பதிந்த பின்னரே சுரக்கத் தொடங்குகின்றது. ஆகவே மாத்திரை உண்ட மறுநாளோ மூன்றாம் நாளோ செய்யும் சோதனை எதனையும் சொல்லாது. உறவு நிகழ்ந்து மூன்று வாரம் கழித்துச் செய்வதே நம்பத்தக்கது என மருத்துவர் கூறுவர்.