ஜொகூர் தேர்தலும் நம்மவர் மௌனமும்



2022 மார்ச் 12ஆம் நாள், சனிக்கிழமை, சிகாமட் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வாக்களிப்பு எழுத்தராகப் பணியில் இருந்தேன். நம் நாட்டில் தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்கும் வேலை வந்துவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. வாக்காளர்களை அகவை வாரியாகப் பிரித்து, 'சாலுரான்' எனப்படும் வரிசைகளில் நிற்கவைப்பது இங்குள்ள வழக்கம். முதல் சாலுரான் முதியோருக்கு உரியது. எண் கூடக் கூட அகவை குறையும். எனக்கு அன்று கிடைத்தது கடைசிச் சாலுரான்.

18 அகவை நிரம்பியோர் வாக்களிக்கலாம், தாமாகவே பதிவும் நடந்துவிடும் என்ற சட்டத்திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அதன்படி நடந்த முதல் தேர்தல் இதுதான். ஆகவே என் அறைமுன் கூட்டம் அலைமோதும் என்று எண்ணிக் காலையிலேயே மேசையை ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். எதிரே முதல் சாலுரானில் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் முதியோர் வந்தவண்ணம் இருந்தனர். என் அறையிலோ பிற்பகல் மூன்று மணிக்குப் பெயர்ப்பட்டியலின் பக்கங்கள் பெரும்பாலும் கோடு படாமல் கிடந்தன. நான் முன்பு கற்பித்த மாணவர்களின் பெயர்கள் சில அப்பட்டியலில் இருந்தன. வந்தவர் இருவர் மட்டுமே.

அன்றிரவு முடிவு வந்தது. 56 இடங்களில் தேசிய முன்னணிக்கு 40. அம்னோ 33, மசீச 4, மஇகா 3. நம்பிக்கைக் கூட்டணிக்கு 12, பெரிக்காத்தானுக்கு 3, மூடாவுக்கு 1. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மை. 'நிலைத்தன்மை' என்ற ஒரு சொல்லையே பரப்புரை முழுதும் ஒலித்த கூட்டணிக்கு நிலையான ஆட்சி கிடைத்துவிட்டது. ஆனால் வேறு இரண்டு எண்களையும் பாருங்கள். வாக்களித்தோர் 54.92 விழுக்காடு. அவர்களுள் தேசிய முன்னணியை ஆதரித்தோர் ஏறத்தாழ 43 விழுக்காடு. அஃதாவது வாக்குரிமை உள்ள நால்வரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானோர் விரும்பி அமைத்த அரசு அது. 2018இல் இதே மாநிலத்தில் வாக்களித்தோர் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தனர்.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அம்னோ பிறந்த மண் ஜொகூர். 1946 மே 11இல் ஜொகூர் பாருவில் அக்கட்சி தோன்றியது. மலாயன் யூனியன் திட்டம் மலாயர் அல்லாதாருக்கும் எளிதாகக் குடியுரிமை வழங்க முன்வந்தபோது, அதனை எதிர்த்து எழுந்த இயக்கம் அது. அரண்மனையையும் மலாய் மண்ணையும் சமயத்தையும் காப்பதே அதன் உயிர்நாடி. 'பழமைபேண் கட்சி' என்ற சொல் இந்நாட்டில் எதற்கேனும் பொருந்துமாயின் அம்னோவுக்குப் பொருந்தும். அதன் முதல் தலைவர் ஜொகூர்க்காரரான டத்தோ ஓன் ஜாபார். கட்சியின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறக்க வேண்டும் என்று அவரே பின்னாளில் கேட்டார், கட்சி மறுத்தது, 1951இல் வெளியேறினார். 1955 ஜூலை 27இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் தம் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார். அத்தேர்தலில் கூட்டணிக் கட்சி 52இல் 51 இடங்களை வென்றது. பதிவு பெற்ற ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் இந்தியர் ஐந்து விழுக்காடும் இல்லை. பால்மரக் காடுகளில் உழைத்த நம் முன்னோரில் மிகப் பலர் அன்று குடிமக்களே அல்லர். முதல் தேர்தலில் நம்மவர் மௌனமாக இருந்ததன் காரணம் இது. வாயே இல்லாதவன் பேசவில்லை என்று குறைகூற முடியாதல்லவா?

குடியுரிமை வந்த பிறகு பேச்சு வந்ததா என்றால், ஒரு சொல் மட்டும் வந்தது. முதலில் பாய்மரக் கப்பல், பின்னர் தராசு. தோட்டத்து லயங்களில் தேர்தல் என்பது லாரியோ பேருந்தோ வந்து நிற்கும், ஏறிப் போய்த் தராசுக்குக் குறித்துவிட்டு வருவோம் என்பதாகவே இருந்தது. தமிழ்ப்பள்ளிக்குக் கூரை வேண்டும், கோவிலுக்கு நிலம் வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும். கேட்கும் இடம் மஇகா, கொடுக்கும் இடம் அரசாங்கம். இதனை அடிமைத்தனம் என்று இன்று எளிதாக எழுதிவிடலாம். கொடுக்கல் வாங்கலில் வேறு வழியற்றவன் செய்யும் கணக்கு அது என்பதே என் எண்ணம்.

2007 நவம்பர் 25இல் இண்ட்ராப் பேரணி கோலாலம்பூரை உலுக்கியது. 2008 மார்ச்சில் பினாங்கும் பேராக்கும் சிலாங்கூரும் கெடாவும் எதிரணியிடம் சென்றன. ஜொகூர் அசையவில்லை. 56இல் 50 இடங்கள் தேசிய முன்னணிக்கே. அந்த அசைவு இங்கு வந்துசேரப் பத்தாண்டுகள் பிடித்தன. 2018 மே 9இல் 36 இடங்களோடு நம்பிக்கைக் கூட்டணி ஜொகூரைக் கைப்பற்றியது. சிகாமட் நாடாளுமன்றத் தொகுதியில் 2004 முதல் உறுப்பினராக இருந்த மஇகா தலைவர் டாக்டர் சுப்பிரமணியம், சுகாதார அமைச்சராக இருக்கும்போதே, பி.கே.ஆர். வேட்பாளர் எட்மண்ட் சந்தாராவிடம் தோற்றார். அன்றிரவு எங்கள் ஊரில் வெடித்த பட்டாசு தீபாவளிக்குக்கூட வெடித்ததில்லை. பொருள்சேவை வரியும் 1எம்டிபியும் ஊரார் வாயில் அரைபட்ட நாள்கள் அவை.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019இல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் காட் எனும் அரபு வனப்பெழுத்து சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பின் ஆறு பக்கம் மூன்று பக்கமாயிற்று. மூன்று பக்கத்தால் தமிழ் அழிந்துவிடாது என்று நான் ஆசிரியர் அறையில் சொல்லி வாங்கிக்கட்டிக் கொண்டேன். பக்கக் கணக்கன்று, கேளாமல் செய்தார்களே என்பதே பெற்றோர் மனக்குறை. அன்றைய கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் உறுப்பினர். 2022 மாநிலத் தேர்தலில் லாயாங்-லாயாங்கில் நின்று அவர் தோற்றார்.

அதனினும் பெரிய அடி 2020 பிப்ரவரியில். கட்சித்தாவலால் கூட்டரசும் ஜொகூர் அரசும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. சிகாமட் உறுப்பினர் சந்தாராவும் தாம் வென்ற கட்சியை விட்டு வெளியேறி, புதிய ஆட்சியில் துணையமைச்சர் ஆனார். பட்டாசு வெடித்தவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நான்காண்டுக்குள் ஒஸ்மான் சாப்பியான், டாக்டர் சஹ்ருடின் ஜமால், ஹஸ்னி முகமது என்று மூன்று மந்திரி பெசார்களைக் கண்டது ஜொகூர்.

ஆகவே 2022இல் நம்மவர் பலர் வீட்டில் இருந்தது சோம்பலால் அன்று. தேர்தலுக்கு மறுவாரம் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திய வேளையில், முன்னாள் பால்மரத் தொழிலாளியான ஒரு பெரியவரிடம் புதிய ஆட்சி எப்படி என்று கேட்டேன். "பழைய ஆளுங்கதானே வாத்தியாரே, புதுசுன்னு ஏன் சொல்றீங்க?" என்றார். அவர் தராசுக்குத்தான் குறித்தாராம், தாமே சொன்னார். மகிழ்ச்சியா என்றேன். கோவிலுக்குச் செல்லும் சாலை விளக்கு எரிந்தால் மகிழ்ச்சி என்றார். பக்கத்து மேசையில் இருந்த லாரி ஓட்டுநருக்கோ வேறு வியப்பு. பரப்புரைப் பதாகைகளில் மந்திரி பெசார் வேட்பாளராக ஹஸ்னி முகமதுவின் படத்தைப் பார்த்தோமே, மார்ச் 15இல் பதவி ஏற்றவர் வேறொருவராக இருக்கிறாரே என்று. ஏற்றவர் 43 அகவை ஓன் ஹாபிஸ் காசி, அந்த ஓன் ஜாபாரின் கொள்ளுப்பேரன். 1955இல் ஜொகூர் பாரு ஏற்க மறுத்த பெயர் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது.

மஇகா நண்பர்கள் சிலர் மெய்யாகவே மகிழ்ந்தனர். கெமெலா, காகாங், தெங்காரோ ஆகிய மூன்று தொகுதிகளில் அவர்கள் வென்றனர். எங்களுக்கு அருகிலுள்ள கெமெலாவில் சரஸ்வதி நல்லதம்பி வென்றபோது பெண்கள் பலர் பெருமை கொண்டனர், நானும்தான். ஆயினும் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள சட்டமன்றத் தொகுதி ஜொகூரில் ஒன்றுகூட இல்லை. இம்மூன்றிலும் வெற்றியைத் தந்தவர்கள் பெரும்பாலும் மலாய் வாக்காளர்கள். நம் பேராளரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எவருக்கும் இழுக்கன்று. ஆனால் அதனைச் 'சமுதாயம் திரும்பி வந்துவிட்டது' என்று மேடையில் முழங்கியபோதுதான் எனக்கு நெருடியது.

வராதோரின் கதையும் ஒன்றுண்டு. என் முன்னாள் மாணவன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். பெருந்தொற்றால் எல்லை முறையாகத் திறக்கப்படாத காலம் அது. சிறப்புப் பேருந்துக்கு முன்பதிவும் தொற்றுச் சோதனைகளும் முடித்துத்தான் பாலத்தைக் கடக்கலாம். சிங்கப்பூரில் வாழ்வோருக்கு அப்போது அஞ்சல் வாக்கும் இருக்கவில்லை. எல்லை முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1இல், வாக்களிப்புக்கு 20 நாள் கழித்து. "20 நாள் பொறுத்திருக்கக் கூடாதா சார்?" என்று தொலைபேசியில் கேட்டான். ஜொகூரில் இப்படித் தடைபட்ட வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் மட்டும் நான்கு.

அவ்வாண்டு ஜூலை 28இல் கட்சித்தாவலைத் தடுக்கும் சட்டத்திருத்தம் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. நவம்பர் 19இல் பொதுத்தேர்தல். இம்முறையும் எனக்குக் கடைசிச் சாலுரான்தான். காலை ஒன்பதரைக்கே வரிசை கூடத்தைத் தாண்டிவிட்டது. அம்மாணவனும் முதல்நாள் இரவே பேருந்தேறி வந்திருந்தான். ஜொகூரின் 26 நாடாளுமன்ற இடங்களில் மூடாவின் ஓரிடத்தையும் சேர்த்து நம்பிக்கைக் கூட்டணி அணிக்கு 15, தேசிய முன்னணிக்கு 9. சிகாமட்டில் பி.கே.ஆர். வேட்பாளர் யுனேஸ்வரன் வென்றார். எட்டே மாதத்தில் அதே மாநிலம், வேறு முடிவு.

ஐந்து நாள் கழித்து அன்வார் இப்ராகிம் பிரதமரானார். எவருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாததால், தேசிய முன்னணியும் அவ்வரசில் சேர்ந்துகொண்டது. அன்று மாலை அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "சார், நான் யாரை எதிர்த்து ஓட்டுப் போட்டேனோ அவங்களும் அரசாங்கத்துல இருக்காங்க. விரல்ல மை இன்னும் போகல." என்ன பதில் எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். சாப்பிட்டாயா தம்பி என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.